பதில் வர எவ்வளவு நேரம்?

"சாப்பிட்டியா?" என்று கேட்டதும், "ம், ஆச்சு" என்று பதில் வருகிறது. இடையில் எவ்வளவு நேரம் ஓடியிருக்கும்? இதையும் விஞ்ஞானிகள் அளந்திருக்கிறார்கள்!

நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த தான்யா ஸ்டைவர்ஸ் குழு, இந்த ஆய்வை 2009-ல் வெளியிட்டது. ஜப்பானியம், டேனிஷ், கொரியம், மெக்சிகோ பழங்குடி மக்களின் செல்தால் உள்ளிட்ட 10 மொழிகளில், மக்கள் இயல்பாகப் பேசிக்கொள்வதை வீடியோ எடுத்தார்கள். ‘ஆமாம், இல்லை’ என்று பதில் சொல்லும் கேள்விகளைப் பிரித்தெடுத்தார்கள். கேள்வி முடிந்து, பதில் தொடங்கும்வரை உள்ள இடைவெளியைக் கணக்கிட்டார்கள்.

சராசரியாக, ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான்! ஜப்பானியர்கள் வேகம், டென்மார்க்காரர்கள் கொஞ்சம் நிதானம். மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால், ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே அரை நொடிக்கு மேல் ஆகும். அப்படியானால், எதிராளி பேசி முடிக்கும் முன்பே மூளை பதிலைத் தயார் செய்யத் தொடங்கிவிடுகிறது என்று அர்த்தம்.

இன்னொரு விஷயமும் தெரிந்தது. ‘ஆமாம்’ சீக்கிரம் வருகிறது, ‘இல்லை’ தாமதமாகிறது. அதனால், பதில் சற்றுத் தள்ளிப்போனாலே ‘விருப்பமில்லையோ’ என்று தோன்றிவிடுகிறது.

இங்கேதான் பெற்றோர் கவனிக்க வேண்டும். பேசப் பழகும் குழந்தைகளுக்கு, பதிலை யோசித்து வார்த்தையாக்கப் பெரியவர்களைவிட அதிக நேரம் தேவை. "ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, அடுத்த நொடியே "சொல்லு, சொல்லு" என்று அவசரப்படுத்த வேண்டாம். குழந்தை மறைக்கவில்லை, பதிலைத் தேடிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் காத்திருங்கள்!