ஆட்டத்திலும் அடிமையா?

பொங்கல் வந்தால் சேந்தமங்கலம் போன்ற ஊர்களில் இளைஞர் நடத்தும் விளையாட்டுகள் எவை? கரண்டியில் எலுமிச்சை ஏந்தும் ஓட்டம், சாக்குப்பை ஓட்டம், பாட்டு நின்றதும் நாற்காலி பிடிக்கும் ஆட்டம். எல்லாம் வெள்ளையன் பள்ளிக்கூடத்தில் விட்டுப்போனவை. உறியடி ஒப்புக்கு நிற்கிறது. சடுகுடுவோ 'கபடி' என்று பெயர் மாறித்தான் தட்டியில் ஏறுகிறது! வென்றவனுக்கு ஒரு குவளை, ஊருக்கு என்ன?

அவ்வெள்ளையன் தன் ஊராட்டத்தை விட்டானில்லை. இங்கிலாந்தின் ஆசுபோர்ன் நகரில், தவக்காலத்தையொட்டிய செவ்வாயிலும் அறிவன்(புதன்)கிழமையிலும் ஊரே பந்தாடுகிறது. என்மோர் ஆற்றின் வடகரையில் பிறந்தோர் ஓரணி. தென்கரையில் பிறந்தோர் மற்றோரணி. இலக்குகளுக்கிடையே 3 கல் தொலைவு. தெரு, வயல், ஆறு அனைத்தும் ஆடுகளமே. சாலையில் பந்தாடுவோர்க்கு 1835-ஆம் ஆண்டுச் சட்டம் தண்டம் விதித்தும் ஆட்டம் மாளவில்லை. 1928-இல் அந்நாட்டு இளவரசனே பந்தை எறிந்து தொடங்கி வைத்தான்.

தமிழர்க்கு இத்தகைய ஆட்டம் இல்லையா? உண்டு. மட்டக்களப்பின் கொம்புமுறி அது. ஊர் இரு வாரமாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த வலிய கொம்புகள் இரண்டை ஒன்றிலொன்று மாட்டிக் கயிறு பூட்டி இழுப்பர். கொம்பு முறிந்த வாரம் தோற்றது. மழை பொய்த்த காலத்தும் நோய் பரவிய காலத்தும் கண்ணகியை வேண்டி ஆடியது இது. சிங்களரும் இதனைப் பத்தினித் தெய்வத்துக்கு ஆடுவர். கண்ணகி பிறந்த நாட்டிலோ கொம்புமுறி என்றால் விழிக்கிறார்கள்.

சேரி என்பது சேர்ந்து வாழுமிடம் என்னும் பழம்பொருளிலேயே அவ்வாட்டத்தில் நிற்கிறது. இங்கே அச்சொல்லையும் சாதி தின்றுவிட்டது. தெருவுக்குத் தெரு ஆட்டம் என்றால் சாதிக்குச் சாதி என்றாகிவிடுமே என அஞ்சுவோர் உளர். அச்சம் பொய்யன்று. தேர்வடம் பிடிக்கவே ஒரு சாராரைத் தடுத்த ஊர்கள் தமிழகத்தில் உண்டு.

ஆகவே தெருவால் பிரிக்க வேண்டா. பிறந்த திங்களால் பிரிக்கலாம். தை முதல் ஆனி வரை பிறந்தோர் வடசேரி. ஆடி முதல் மார்கழி வரை பிறந்தோர் தென்சேரி. கொம்பு கிடைக்காவிடில் ஒரு வடக்கயிறு போதும். ஒரே வீட்டில் அண்ணன் ஒருபுறமும் தம்பி மறுபுறமும் நின்று இழுக்கட்டும். வடத்தின் ஒரே முனையை எல்லாத் தெருக் கைகளும் பற்றட்டும். அந்த நாற்காலிகளை முதியோர் அமர்ந்து பார்க்கப் போட்டுவிடலாம்.