செத்த மாடு யாருடையது?

உயிரோடு இருக்கிற மாட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டால் ஊரில் யாரும் பதிலுக்குத் தயங்குவதில்லை. பாலைக் கறப்பவர் அவர். கன்றை விற்றுப் பணத்தை மடியில் கட்டுபவர் அவர். சாணத்தைத் தம் வயலுக்கு அடிப்பவர் அவர். பால் சங்கத்தில் கணக்கு அவர் பெயரில். வங்கியில் கடன் அவர் பெயரில். மாட்டின் காதில் தொங்கும் வில்லையின் எண்ணும் அவர் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. அடுத்தவர் பயிரில் வாய் வைத்துவிட்டால் சண்டைக்கு வருகிறவர்களும் அவர் வாசலில்தான் வந்து நிற்கிறார்கள்.

அந்த மாடு செத்துவிட்டது. இப்போது அது யாருடையது?

இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள் தோழர்களே! அதுவரை மார்தட்டிய உரிமை எங்கே போய் ஒளிந்துகொண்டது என்று தெரியாது. "சேரிக்கு ஆள் அனுப்பு" என்பார் ஒருவர். "ஏரிக்கரையில் இழுத்துப் போடு" என்பார் இன்னொருவர். "இரவோடு இரவாக வாய்க்காலில் தள்ளிவிடு" என்பார் மற்றொருவர். பால் தந்தவரையில் லட்சுமி. மூச்சு நின்றதும் தீட்டு! ஆதாயம் ஒருவருக்கு, நாற்றமும் நோயும் ஊருக்கு, இழுத்துப் போடும் வேலை ஒரு சாதிக்கு என்கிற இந்தப் பங்கீடு இன்றைக்கும் பல ஊர்களில் நடக்கிறது. சுகாதாரமும் இதை ஒப்பவில்லை, சட்டமும் இதை ஒப்பவில்லை என்பதை எடுத்துக் காட்டவே இதை எழுதுகிறோம்.

முதலில் சுகாதாரத்தைப் பார்ப்போம்.

"செத்த மாடுதானே, நாயும் நரியும் தின்று தீர்த்துவிடும்" என்கிறார்கள். எதனால் செத்தது என்று தெரியுமா? அடைப்பான் நோயால் செத்த மாடாக இருந்தால் என்ன ஆகும்? நேற்று வரை நன்றாக மேய்ந்த மாடு திடீரென்று விழுந்து சாகும். வயிறு விரைவில் உப்பும். மூக்கு, வாய், ஆசனவாய் வழியே உறையாத கருத்த இரத்தம் கசியும். அந்த உடலைக் கத்தி படாமல் விட்டால் உள்ளே இருக்கும் கிருமிகளில் பெரும்பகுதி அழுகலிலேயே மடிந்துபோகும். தோலை உரித்தாலோ, வயிற்றைக் கிழித்தாலோ, நாய் குதறினாலோ, காற்றுப் பட்ட கிருமி கெட்டியான உறைக்குள் புகுந்து வித்தாக மாறிக்கொள்ளும். அந்த வித்து மண்ணில் பல பத்தாண்டுகள் சாகாமல் கிடக்கும். தகப்பன் எறிந்த மாட்டினால் மகனுடைய மாடு சாகும்.

19-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் சில வயல்களைச் 'சபிக்கப்பட்ட வயல்கள்' என்று குடியானவர்கள் அழைத்தார்கள். அங்கே மேய விட்ட ஆடுகள் ஆண்டுதோறும் செத்து விழுந்தன. தெய்வக் குற்றம் என்று சொல்லிக் கை கட்டி நிற்கவில்லை லூயி பாஸ்டர் என்ற அறிஞர். நோயில் செத்த ஆடுகளை முன்பு புதைத்த இடங்கள் அவை என்று கண்டார். புதைத்த உடலிலிருந்து நோயின் வித்துகளை மண்புழுக்கள் மேல்மண்ணுக்குக் கொண்டுவருகின்றன என்று 1880-இல் எடுத்துரைத்தார். சாபமும் இல்லை, சாமியும் இல்லை. செத்த விலங்கை ஒழுங்காக அப்புறப்படுத்தாததன் விளைவு அது.

இது பழங்கதை என்று யாரும் எண்ண வேண்டாம். 2016-ஆம் ஆண்டு கோடையில் சைபீரியாவின் யமால் பகுதியில் 2,000-க்கும் மேற்பட்ட பனிமான்கள் அடைப்பானில் மடிந்தன. 12 வயதுச் சிறுவன் ஒருவனும் மாண்டான். 1941-க்குப் பிறகு அந்நோய் அங்கே தலைகாட்டியதே இல்லை. உறைந்து கிடந்த நிலம் வெப்பத்தால் இளகியபோது, பழைய விலங்குடல்களோடு கிடந்த வித்துகள் வெளிப்பட்டிருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். 75 ஆண்டு காத்திருந்து கொல்லும் நோயை ஏரிக்கரையில் எறிந்துவிட்டுக் கைகழுவ முடியுமா?

இந்த நோய்க்கு முதலில் எதிர்ப்படுகிறவர் யார்? மாட்டின் சொந்தக்காரரா? அவர்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்ட நிற்கிறாரே! வெறுங்கையால் கயிறு கட்டி இழுப்பவர், கத்தி எடுத்துத் தோல் உரிப்பவர், அந்தத் தோலைச் சுமந்து செல்பவர் ஆகியோர்தான் எதிர்ப்படுகிறார்கள். கையில் ஒரு சிறு கீறல் இருந்தால் போதும், கிருமி அதன் வழியே ஏறிவிடும். கொப்புளம் கிளம்பும், நடுவில் கரிபோல் கருத்த புண்ணாகும். உடனே மருத்துவம் பார்த்தால் பிழைக்கலாம். பார்க்கத் தவறினால் உயிருக்கே உலை.

நோய் மட்டுமா? தடியும் அவர்கள்மேல்தான் விழுகிறது. 2002 அக்டோபர் 15 அன்று அரியானா மாநிலம் ஜஜ்ஜார் மாவட்டத்தில், பசுவைக் கொன்றார்கள் என்ற வதந்தியை நம்பிய கும்பல் 5 தலித் தோழர்களை, காவல் சாவடி பக்கத்திலேயே இருக்க, அடித்துக் கொன்றது. 2016 ஜூலை 11 அன்று குஜராத் மாநிலம் ஊனா அருகே, செத்த மாட்டின் தோலை உரித்துக்கொண்டிருந்த இளைஞர்களைப் பிடித்துச் சட்டையைக் கழற்றி வண்டியில் கட்டி அடித்தார்கள். செத்த மாட்டைத் தூக்கு என்று சொல்வதும் சமூகம். தூக்கினால் அடிப்பதும் அதே சமூகம்!

ஊனாவுக்குப் பிறகு நடந்ததை நம் தோழர்கள் மறக்கக் கூடாது. சுரேந்திரநகரில் மாட்டுடல்களை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் முன் போட்டார்கள் அம்மக்கள். இனி இந்த வேலை எங்களுடையதல்ல என்றார்கள். அவர்கள் கையை எடுத்தவுடன் தெருவோரங்களில் உடல்கள் அழுகத் தொடங்கின. எத்தனை பெரிய பொதுச் சுகாதார வேலையைக் கூலியும் காப்பும் மரியாதையும் இல்லாமல் ஒரு பகுதி மக்கள் தலையில் ஏற்றி வைத்திருந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் பலருக்குப் புரிந்தது. அண்ணல் அம்பேத்கர் 1927-இல் மகாடில் தொடங்கிவைத்த போராட்டத்தின் குரலும் இதுதான்: செத்த மாட்டை இழுக்கும் வேலையை விடுங்கள், சுயமரியாதையோடு நில்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடப்புக்கு வந்தது. அந்தச் சாதிகளைச் சாராத ஒருவர், அந்த மக்களை விலங்கின் உடலைச் சுமக்கவோ அப்புறப்படுத்தவோ வைத்தால் குற்றம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புக்கென்றே 2009-இல் வந்த மத்தியச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. பட்டியலிட்ட நோய் கண்டதாக ஐயம் எழுந்தால் தெரிவிக்கும் கடமையை அது மாட்டுக்காரர் மேல் வைக்கிறது. அந்த உடலை விதித்த முறைப்படி அப்புறப்படுத்தும் கடமை, அதை வைத்திருப்பவருடையது. நோயால் செத்தது என்று தெரிந்தே உடலை ஆற்றிலோ ஏரியிலோ வாய்க்காலிலோ போடுவது தண்டனைக்குரிய குற்றம். ஆகவே, செத்த மாடு யாருடையது என்ற கேள்விக்குச் சட்டம் விடை சொல்லிவிட்டது. உயிரோடு இருந்தபோது யாருடையதோ, செத்த பிறகும் அவருடையதுதான்!

"தாமாக வந்து எடுத்துப் போகிறார்களே, கூலி கொடுக்கிறோமே, தோலும் அவர்களுக்குத்தானே?" என்று வாதாடுவோர் உண்டு. வேறு வேலை கொடுத்துவிட்டு, காலுறையும் கையுறையும் கொடுத்துவிட்டு, "வர விருப்பமா?" என்று கேட்டீர்களா? "வராவிட்டால் களத்தில் வேலை இல்லை" என்பதற்குப் பெயர் விருப்பமா?

"முன்பு கழுகுகள் தின்று தீர்த்தனவே" என்போரும் உண்டு. உண்மைதான், தீர்த்தன. மாட்டுக்கு வலி மருந்தாகப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டின் இறைச்சி வழியே கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்து, அந்த இனத்தையே அழிவின் விளிம்புக்குத் தள்ளியது. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடுத்தார்கள். ஆனால் போன கழுகுகள் திரும்பிவிடவில்லை. தமிழ்நாட்டில் பாறு கழுகைக் காண முதுமலை, மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம் போக வேண்டியிருக்கிறது. இன்று வெட்டவெளியில் எறிந்த மாட்டைத் தின்னக் கழுகு வருவதில்லை, தெருநாய்தான் வருகிறது.

இன்னொரு கேள்வி இருக்கிறது. அது நியாயமான கேள்வி. "ஒரே ஒரு மாடு, குடியிருக்க மூன்று சென்ட் இடம். நான் எங்கே குழி தோண்டுவேன்?" என்று கேட்கிறார் நிலமற்ற தொழிலாளி. செத்தது மாடு மட்டுமல்ல, அவருடைய பிழைப்பும்தான். கடன் நிற்கிறது. குழி தோண்ட இயந்திரத்துக்கு வாடகை கொடுக்கக் காசில்லை. இவரைச் சட்டத்தைக் காட்டி மட்டும் மிரட்டினால் அவரும் இரவில் வாய்க்காலைத்தான் தேடுவார். மாட்டை இழுக்க வைக்கப்படுகிறவரும், மாட்டைப் புதைக்க இடமில்லாதவரும் உழைக்கும் வர்க்கத்தின் இரண்டு கைகள். இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று மோதவிட்டு ஊராட்சி வேடிக்கை பார்ப்பது சரியல்ல. கால்நடைப் பராமரிப்பும், சுகாதாரமும் துப்புரவும், அரசியல் சட்டத்தின் 11-ஆவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கென்று குறித்த 29 பொருள்களில் அடங்கியவை. மனிதருக்குச் சுடுகாடு வேண்டும் என்பதைப் போலவே, ஊர் மாட்டுக்கும் ஒரு குழிமேடு வேண்டும்.

கோழிப் பண்ணை முதலாளிகளின் கதை வேறு. நாமக்கல், பல்லடம் வட்டாரங்களில் ஆயிரக்கணக்கில் கோழி வளர்ப்பவர்களுக்கு, நாள்தோறும் சில கோழிகள் சாகும் என்பது தொழில் தொடங்கும்போதே தெரிந்த கணக்கு. மூடியிட்ட குழியோ, முறையான உரக்கிடங்கோ, எரிகலனோ அவர்களுடைய முதலீட்டில் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். இலாபத்தைத் தாம் வைத்துக்கொண்டு, செத்த கோழியைச் சாக்கில் கட்டிச் சாலையோரத்தில் எறிவதை அனுமதிக்க முடியாது.

பிரிட்டனில் 2003 முதல், மிகத் தொலைவான சில பகுதிகள் நீங்கலாக, செத்த பண்ணை விலங்கைத் தம் நிலத்தில் புதைப்பதற்கே தடை. மறுஆண்டு, பண்ணைக்கே வண்டி அனுப்பி உடலை எடுத்துச் செல்லும் ஏற்பாட்டைத் தேச அளவில் தொடங்கினார்கள். அங்கே அது ஒரு தொழில். பிறப்பு விதித்த தலைவிதி அல்ல. வண்டி உண்டு, உரிமம் உண்டு, கட்டணம் உண்டு. இங்கே ஏன் முடியாது?

நம் தோழர்கள் ஊரில் முதலில் பரப்ப வேண்டிய செய்திகள் இவை:

மாடு திடீரென்று செத்தால் உடலை அறுக்காதீர்கள், தோல் உரிக்காதீர்கள், இறைச்சியைத் தொடாதீர்கள். நாய் அண்டாமல் காவல் வையுங்கள். 1962 என்ற எண்ணுக்கோ, பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ சொல்லுங்கள்.

காப்பீடு செய்த மாடானால், மருத்துவர் பார்த்துச் சான்று தரும் வரை அப்புறப்படுத்தாதீர்கள். காதுவில்லை இல்லாவிட்டால் இழப்பீடு இல்லை. வாய்க்காலில் தள்ளியவர் காப்பீட்டுப் பணத்தையும் சேர்த்தே தள்ளிவிடுகிறார்.

புதைப்பதானால் 6 அடிக்குக் குறையாத ஆழம் வேண்டும். கிணறு, குளம், வாய்க்காலிலிருந்து எட்ட, மேட்டு நிலமாக இருக்க வேண்டும். நாய் தோண்டாதபடி மண்ணைக் குவித்து மேலே முள் போட வேண்டும். சாதாரணச் சாவுக்குச் சுண்ணாம்பு தூவுவது வழக்கம். அடைப்பான் என்று ஐயம் வந்தால் எரிப்பதா, புதைப்பதா என்பதை மருத்துவரே சொல்லட்டும். சுண்ணாம்பு அந்த வித்து நீடிக்கத் துணை செய்யக்கூடும் என்று அறிஞர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

அடுத்து, நாம் கேட்டுப் பெற வேண்டியவை:

ஒன்று: ஒவ்வோர் ஊராட்சியிலும் கால்நடை புதைப்பதற்கென்று வேலியிட்ட இடம்.

இரண்டு: குழி தோண்டும் இயந்திரமும் உடலேற்றும் வண்டியும் ஊராட்சிச் செலவில். ஓரிரு மாடு வைத்திருப்பவருக்கு இலவசம். பெரும் பண்ணைக்குக் கட்டணம்.

மூன்று: அந்த வேலைக்கு எந்தச் சாதியினரும் சேரலாம் என்ற முறையில் நியமனம், நியாயமான கூலி, கையுறை, காலுறை, முகக்கவசம், மருத்துவப் பரிசோதனை.

நான்கு: சாதியைச் சொல்லி யாரையாவது மாடு தூக்க அழைத்தால் உடனே வழக்கு.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டில் 6 நாள் கிராம சபை கூடுகிறது. குடிநீருக்கும் தெருவிளக்கிற்கும் தீர்மானம் போடும் தோழர்கள், இந்த நான்கையும் எழுதிக்கொண்டு போய் வாசியுங்கள். "இதெல்லாம் ஒரு பிரச்சினையா?" என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நாளைக்கு உங்கள் மாடு செத்தால் யார் தூக்குவது?" சிரிப்பு நின்றுவிடும். அந்த நேரம் பார்த்துத் தீர்மானத்தை முன்மொழியுங்கள். கை தூக்க ஊரில் ஆள் இருக்கும்!