தேடாதவர் தீர்ப்பு

2022-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் டுவிட்டர் நிறுவனம் எலான் மஸ்க்கின் கைக்கு மாறியது. அம்மாற்றத்தை விரும்பாதோர் பல இலட்சம் பேர் மாஸ்டோடன் என்னும் வேறொரு சமூக ஊடகத்தை நாடிச் சென்றனர். அவருள் தமிழ் கற்பிப்போரும் கற்போரும் சிலர் இருந்தனர். சின்னாள் தங்கித் திரும்பி வந்தோர் கூறிய தீர்ப்பு ஒன்று இன்றும் ஆசிரியர் அறைகளில் உலவுகின்றது: "அங்கே நம்மவர் யாரும் இல்லை." போய் வந்தவர் கூறியதைப் போகாதவரும் வழிமொழிகின்றனர். மாணவன் எழுதிய விடையை ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்தே மதிப்பெண் இடும் ஆசிரியர்கள், இத்தீர்ப்பை மட்டும் ஆராயாமல் ஏற்றுக்கொண்டது ஏன்?

மாஸ்டோடன் 2016-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஓய்கன் ரோச்கோ என்பவரால் வெளியிடப்பட்டது. முகநூலைப் போன்று ஒரே கூரையின் கீழ் அமைந்த கூடம் அன்று அது. ஈப்போவில் ஒரு மன்றம், கிள்ளானில் ஒரு மன்றம், சிங்கப்பூரில் ஒரு மன்றம் எனத் தனித்தனியே இயங்குவன போன்று, ஆயிரக்கணக்கான வழங்கிகள் தத்தம் பொறுப்பாளரோடும் தத்தம் விதிகளோடும் இயங்குகின்றன. ஒரு மன்றத்தார் மற்றொரு மன்றத்தார்க்கு மடல் விடுக்கத் தடை ஏதும் இல்லை. அம்மடல் போக்குவரத்துக்குரிய பொது நெறிமுறையாகிய ஆக்டிவிட்டிபப், உலகளாவிய வலைக் கூட்டமைப்பினால் 2018-இல் ஏற்கப்பட்டது.

இங்குத்தான் புதியவர் இடறி விழுகின்றார். முகநூலிலும் டிக்டாக்கிலும் எதன்மேல் கண் சற்றே தங்கியது என்பதைப் பொறி கணக்கிட்டு, அதைப் போன்ற பத்தைக் கொண்டுவந்து கொட்டுகின்றது. மாஸ்டோடனின் முதற்பக்கத்திலோ, பின்தொடரப்படுவோர் எழுதியவை மட்டுமே கால வரிசையில் தோன்றும். ஒருவரையும் பின்தொடராதவர்க்குப் பக்கம் வெறுமையாகவே இருக்கும். அவ்வெறுமையைக் கண்டு ஊரே வெறுமை என்று முடிவு கட்டினர். நூலகத்தின் வாயிலில் நின்றுகொண்டு, நூலொன்றும் தம்மை நோக்கி நடந்து வரவில்லையே என்று குறைகூறுவாரை என்னென்பது?

தேடியும் கிடைக்கவில்லை என்போர் உளர். அவர்கள் தேடிய முறை யாது? தேடற்பெட்டியில் "திருக்குறள்" என்று எழுதினர், விடை வரவில்லை, வெளியேறினர். பதிவுகளின் உட்சொற்களைத் தேடும் வசதி, 2023 செப்டம்பரில் வந்த பதிப்பில் விரிவாக்கப்பட்டபோதும், எழுதியவர் இசைவு தந்த பதிவுகளையே பொதுத்தேடல் காட்டும் என வரையறுக்கப்பட்டது. எழுதுவோரின் தனிமையைக் காப்பதற்கென்றே அவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது. அதனினும் முதன்மையானது வேறொன்று. ஒரு வழங்கிக்கு வெளியூர்ப் பதிவுகள் பெரும்பாலும் அவ்வழங்கியிலுள்ள எவரேனும் அவ்வெளியூராரைப் பின்தொடர்வதனாலேயே வந்து சேர்கின்றன. தமிழரைப் பின்தொடர்வார் ஒருவரும் இல்லாத வழங்கியில் அமர்ந்து தமிழைத் தேடினால், தமிழ் எங்ஙனம் கிட்டும்? ஆளில்லை என்று அவர்கள் கண்டது தாம் அமர்ந்திருந்த அறையின் நிலையையே.

ஆகவே அங்கே கூட்டம் தேடுவோர் முதலில் ஒருவரைத் தேடவேண்டும். கட்டற்ற மென்பொருளில் ஈடுபாடுடைய தமிழர் அங்கு எழுதி வருகின்றனர். அவருள் ஒருவரைக் கண்டால், அவர் யாரைப் பின்தொடர்கின்றார், அவருக்கு மறுமொழி இடுவோர் யாவர் என்று பார்க்கலாம். ஒருவர் வழியே ஒன்பதின்மரை அறியலாம். தமிழாசிரியர் ஒருவர் ஊர்மாறிப் புதுப்பள்ளிக்குச் சென்றால் அக்கம்பக்கத்தை அறிந்துகொள்வது இவ்வாறன்றோ?

மற்றொரு வழி, ஹேஷ்டேக் எனப்படும் அடையாளச் சொல். 2022 இறுதியில் வந்த பதிப்பிலிருந்து ஆளைப் பின்தொடர்வது போன்றே அடையாளச் சொல்லையும் பின்தொடரலாம். தமிழாசிரியர்க்கு இதனினும் உகந்த கருவி வேறில்லை. தமிழாசிரியர் தலைகுனிய வேண்டிய இடமும் இதுவே. அடையாளச் சொல்லில் இடைவெளி விடலாகாது. சொற்களைச் சேர்த்தே எழுதவேண்டும். சேர்த்தெழுதும்போது புணர்ச்சி வந்துவிடுகின்றதே! ஒருவர் "தமிழ்ப்பள்ளி" என்று குறிக்கின்றார். மற்றவர் "தமிழ்பள்ளி" என்று குறிக்கின்றார். பொறிக்கு இவை இரண்டும் தொடர்பற்ற இருவேறு சொற்கள். முன்னதைப் பின்தொடர்பவர் பின்னதைக் காணார். ஒரே பொருளைப் பேச வந்த இருவர், ஒரு பகர மெய்யினால் ஒருவரை ஒருவர் அறியாமலே வாழ்கின்றனர். மூன்றாமவர் "தமிழ்ப்பள்ளிகள்" என்று எழுதி மூன்றாம் அறையில் தனித்திருக்கின்றார். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும் நான்காமவரைப் பற்றிப் பேசாதிருத்தல் நன்று. மிகுமிடம் மிகாவிடம் என்று கரும்பலகையில் ஆண்டுதோறும் எழுதிப் போடுவோர், விரல் நுனியில் அதைக் கைவிடுவதற்குக் காரணம் அவசரமன்றி வேறென்ன? வேறு ஊடகங்களில் பிழையை ஊகித்துச் சேர்த்துவைக்கப் பொறி உண்டு. இங்கே எழுதுவோரின் இலக்கணமே கூட்டத்தைச் சேர்க்கவும் பிரிக்கவும் செய்கின்றது.

பதிவின் மொழி எது என்று குறிக்கும் சிறு பொத்தான் ஒன்றும் உண்டு. தூய தமிழில் எழுதிவிட்டு, மொழியை ஆங்கிலம் என்றே விட்டுவிடுவோர் உளர். தமிழ்ப் பதிவுகளை மட்டும் காட்டுக என்று பொதுப்பக்கத்தை அமைத்துக்கொண்ட வாசகர் கண்ணில் அப்பதிவு படுவதேயில்லை. சிறிய கவனக்குறைவுதான்; ஆனால் ஒருவரைக் காணாமலாக்கப் போதுமானது.

இவ்வூடகம் பெரிய மொழியினர்க்கே உரியது என்று கூறுவாரும் உளர். பாஸ்க்கு மொழியைப் பேசுவோர் ஏறத்தாழ 10 இலட்சம் அளவினரே. அவர்களுக்கெனத் தனி வழங்கி உண்டு. அங்கே அம்மொழியிலேயே உரையாடுகின்றனர். வேல்சு நாட்டினர்க்கும் அவ்வாறே ஒன்று உண்டு. கணிதத்தில் ஈடுபட்டோர் மாத்ஸ்டோடன் என்னும் வழங்கியை அமைத்துள்ளனர். கணித வாய்பாடுகளை அச்சிற்கண்டவாறே காட்டும் வசதியை அங்கே செய்துகொண்டனர். உலகப் புகழ்பெற்ற கணித அறிஞர் டெரன்ஸ் தாவோ அங்கு எழுதுகின்றார். பெயர் அறியாத மாணவரும் அவரோடு கணிதம் பேசலாம். இவர்களுள் எவரும் கூட்டம் கூடிய பின்னர் வந்தவர் அல்லர். 7 கோடிக்கு மேற்பட்டோர் பேசும் மொழியின் ஆசிரியர்கள், ஆளில்லை என்று கூறுவது பொருந்துமா?

"புலனக் குழு இருக்கின்றது, அது போதும்" என்பது அடுத்த விடை. ஆள் மாற்றம், கூட்ட அறிவிப்பு ஆகியவற்றுக்கு அது போதும். ஆயினும் புலனக் குழு கதவடைத்த அறை. சிலாங்கூர் ஆசிரியர் குழுவில் ஒருவர் அரியதோர் இலக்கணப் பாடத்திட்டத்தைப் பகிர்ந்தால், ஜோகூர் ஆசிரியர் அதைத் தேடிக் காண இயலாது. அவ்வாறொரு குழு உண்டென்பதையே அவர் அறியார். மறுநாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் அப்பாடத்திட்டம் புதைந்துபோகும்.

பெருநிறுவனங்களின் கூடங்கள் நிலையானவை என்பதும் மயக்கமே. ஆர்குட் 2014-இல் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019-இல் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. அவற்றில் தமிழர் அமைத்த குழுக்களும் உடன் மறைந்தன. சிறு வழங்கிகளும் மூடப்படுவது உண்டு. பொறுப்பாளர் சோர்ந்தாலோ, பணம் தீர்ந்தாலோ நின்றுவிடும். அதை மறைத்துப் பேசுவது முறையன்று. வேறு வழங்கிக்குக் குடிபெயர்வோர் தம்மைப் பின்தொடர்வாரை உடன் அழைத்துச் செல்லலாம். பழைய பதிவுகளைக் கொண்டுசெல்ல இயலாது. அதனால் எழுதியதற்குப் படி எடுத்து வைத்தல் வேண்டும். எனினும் ஆர்குட்டில் இருந்தோர்க்கு நண்பரை அவ்வாறு அழைத்துச் செல்லும் வாய்ப்பும் கிட்டவில்லை.

கூட்டம் சேர்வதற்குமுன் இடம் அமைத்தல் இம்மண்ணுக்குப் புதிதன்று. சிங்கப்பூர்த் தமிழ் முரசு 1950-களில் மாணவர் மணிமன்றம் என்னும் பகுதியைத் திறந்தது. எழுதத் துணிந்த சிறுவர் அங்கே ஒருவரை ஒருவர் கண்டனர். பின்னாள் எழுத்தாளர் பலர் அங்கிருந்து தோன்றினர். கணினியில் தமிழ் அரிதாயிருந்த 1980-களில் மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கினார். பயன்படுத்துவோர் பெருகட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவர் காத்திருந்தாரில்லை.

மலேசியாவில் 500-க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஆரம்பப்பள்ளிச் சிறுவர்க்கு இவ்வூடகத்தில் வேலையில்லை. ஆசிரியர்க்கும் கல்லூரி மாணவர்க்கும் உண்டு. பள்ளிக்கு ஓர் ஆசிரியர் வந்து, தம்மை அறிமுகம் செய்து ஒரு பதிவு எழுதி, ஏனையோரைப் பின்தொடர்ந்து, ஒருவர்க்கேனும் மறுமொழி இட்டால் 500 பேர் கொண்ட மன்றம் அமைந்துவிடும். எந்தெந்த அடையாளச் சொற்களை எவ்வாறு எழுதுவது என்று முடிவு செய்ய ஒரு பிற்பகல் கூட்டம் போதும். அக்கூட்டத்தில் எதற்கு வேண்டுமானாலும் வாக்கெடுக்கலாம். "தமிழ்ப்பள்ளி"யில் பகர மெய் மிகுமா என்பதற்கு மட்டும் வேண்டா.