பூனையின் சொறியும் நம் பொறுப்பும்



மூன்று மாதங்களுக்கு முன் நம் குருமனைப் பூனையின் காதருகே வட்டமாய் முடி உதிர்ந்திருந்தது. சாதாரணச் சொறி என்றெண்ணி, என் கால் அரிப்புக்கு வைத்திருந்த களிம்பையே தடவினேன். பூனை அதை நக்கி விழுங்கியது; வட்டமோ விரிந்தது. சில நாட்களில் என் மணிக்கட்டிலும் படர்தாமரை தோன்றிற்று. கால்நடை மருத்துவர் முடியை எடுத்துச் சோதித்த பின்னரே என் பிழை விளங்கியது. களிம்பிலிருந்த ஸ்டீராய்டு, பூஞ்சை மேலும் பரவ இடங்கொடுத்திருந்தது.

இரக்கம் இருந்தால் போதும் என நினைக்கிறோம். அறியாமையோடு கைகோத்த இரக்கம் துன்பத்தையே கூட்டும் என்பது நான் கற்ற பாடம்.

பூனை தன் வேதனையை மறைக்கும் உயிர். அரிப்பெடுத்தால் சொறிவதைவிட இடைவிடாது நக்கியே முடியை உதிர்க்கும். அதைச் சுத்தம் என்று நாம் மெச்சுகிறோம். ஆகையால் வாரம் ஒருமுறையாவது முடியை விலக்கித் தோலைப் பாருங்கள். வாலடியிலும் கீழ்முதுகிலும் சிறு பொருக்குகள் இருந்தால் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகியுங்கள். சீப்பில் வரும் கரும்பொடியை ஈரவெள்ளைத் தாளில் வையுங்கள். செம்பழுப்பாய்க் கரைந்தால் அது தெள்ளின் எச்சம். காதுக்குள் காப்பித்தூள் போன்ற அழுக்கும், காது விளிம்பில் தொடங்கி முகத்தில் பரவும் தடித்த பொருக்கும் சிற்றுண்ணிகளின் வேலையாக இருக்கலாம். வெள்ளைப் பூனையின் காது நுனியில் ஆறாத புண் இருந்தால் தாமதிக்காதீர்கள். வெயிலால் உண்டாகும் புற்றாகவும் இருக்கலாம்.

நாய்க்கு வாங்கிய தெள்ளுமருந்தைப் பூனைக்கு ஒருபோதும் இடாதீர்கள். அவற்றுள் பலவற்றிலுள்ள பெர்மெத்ரினைப் பூனையின் ஈரலால் முறிக்க இயலாது. நடுக்கமும் வலிப்பும் வந்து உயிரே போகும். பினாயிலும் மண்ணெண்ணெயும் நஞ்சே. மருத்துவர் தரும் மருந்தோடு படுக்கைத் துணிகளையும் வெந்நீரில் துவையுங்கள். தெள்ளின் முட்டைகள் பூனையின் மேல் தங்காமல் தரையிலும் துணியிலும் உதிர்ந்து கிடக்கும்.

பிள்ளைகளுக்குத் தொற்றிவிடும் என்றஞ்சி, நோயுற்ற பூனையைச் சாக்கில் கட்டிச் சந்தையோரம் விட்டுவருவோர் நம்மிடையேயும் உண்டு. அச்சம் நியாயமானது, செயல் நியாயமன்று. படர்தாமரை குணமாகும் நோய். பூனையைத் தனியறையில் வைத்து, பிள்ளையை மருத்துவரிடமும் பூனையைக் கால்நடை மருத்துவரிடமும் கொண்டுசெல்லுங்கள். வளர்ப்பு விலங்கின் உயிரைக் கவனிப்பதை நீதிமானின் அடையாளமாக நீதிமொழிகளின் 12 ஆம் அதிகாரம் காட்டுகிறது. நோயுற்ற நாளில்தான் அந்த அடையாளம் சோதிக்கப்படுகிறது.

குருமனைப் பூனைக்கு முடி மீண்டும் முளைத்துவிட்டது. ஆயினும் மருத்துவர் சொல்லும்வரை மருந்தை நிறுத்தப்போவதில்லை. ஒருமுறை அவசரப்பட்டது போதும்.