தோழி இல்லாத களவு

காதலைப் பாடி வளர்ந்த இனம் தமிழினம் என்று மேடைதோறும் முழங்குவோர், தம் வீட்டுப் பிள்ளையின் கைப்பேசியில் துணை தேடும் செயலி ஒன்றைக் கண்டதும் கொதித்தெழுகின்றனர். அகத்திணைக்கு விழா எடுத்த அதே வாய், குடும்ப மானம் போயிற்றென்று கூவுகிறது. கைப்பேசி பிடுங்கப்படுகிறது, நான்கு நாள் வீட்டில் எவரும் எவருடனும் பேசுவதில்லை. ஐந்தாம் நாள் அந்தப் பிள்ளை நண்பரின் கைப்பேசியில் அதே செயலியைத் திறக்கிறது. இதனால் விளைந்த பயன் யாது? மறைவாக நடந்தது இன்னும் மறைவாக நடக்கிறது, அவ்வளவே.

தோட்டப்புற வாழ்க்கை நிலைத்திருந்த காலத்தில் இத்தகைய செயலிக்குத் தேவை எழவில்லை. பெரட்டுக் களத்திலும், பால் நிறுக்குமிடத்திலும், குழாயடியிலும், திருவிழாத் திடலிலும் இளைஞரும் இளம்பெண்களும் ஒருவர் கண்ணில் ஒருவர் பட்டே வளர்ந்தனர். இன்னான் குடிப்பான், இன்னான் உழைப்பான், இன்னாள் வாய்த்துடுக்குக்காரி என்பதெல்லாம் லயம் முழுதும் அறிந்த செய்தி. அதனைப் பொற்காலம் என்று போற்றுவதற்கில்லை. பெண்ணின் விருப்பத்தைக் கேட்டறியாமலே முடிக்கப்பட்ட மணங்கள் எத்தனை! முஸ்லிம் அல்லாதாருக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பதைச் சட்டமாக்கிய 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வரும்வரை, இரண்டாந் தாரத்துக்கு வழக்காறு இடங்கொடுத்தே வந்தது. ஆயினும் ஒன்றுண்டு. அங்கே எவரும் பொய்ப் பெயரில் உலவ முடியாது.

பின்னர் ரப்பர்க் காடுகள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் இடம்விட்டன. லயங்கள் கலைந்தன. செங் வட்டாரத்திலேயே பார்க்கலாம்: இரவு வேலை முடிந்து காலையில் வீடு திரும்பும் இளைஞனுக்கு அண்டை வீட்டார் பெயர் தெரியாது. தொழிற்சாலைப் பேருந்து, வாடகை வீடு, மீண்டும் பேருந்து. மலாக்கா பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து முருகனின் தேர் செங் சன்னாசிமலைக்கு எழுந்தருளும் மாசி மகத்தன்று ஊரே கூடுகிறது. அது ஆண்டுக்கொரு முறை. அன்றும் அத்தைமார் கண்கள் காவல் நிற்கும். எஞ்சிய நாளெல்லாம் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மதிப்போடு அறிமுகமாக இச்சமூகம் வைத்திருக்கும் இடம் எது? வாயிலை அடைத்தவர்கள், பலகணி வழியே ஏறிக் குதித்தான் என்று குற்றஞ்சாட்டுவது நீதியாகுமா?

இன்னும் வேடிக்கை யாதெனின், செயலியைத் தூற்றும் பெற்றோரே இணையத் திருமணத் தகவல் மையத்தில் மகளின் படத்தைப் பதிவு செய்கின்றனர். அங்கே சாதிக்கொரு தளம் என நூற்றுக்கணக்கில் கடை விரித்திருக்கிறார்கள். உயரம், நிறம், சம்பளம், குலம், நட்சத்திரம் எல்லாம் நிரல்படக் கேட்கப்படும். மகளின் மனம் மட்டும் கேட்கப்படாது. ஒன்றில் முகம் பார்த்துத் தள்ளுகிறார்கள். மற்றொன்றில் குலம் பார்த்துத் தள்ளுகிறார்கள். முன்னதைக் கேடென்றும் பின்னதைப் பண்பாடென்றும் சாதிப்பவர்க்குத் துணிச்சல் மிகுதி.

இவ்வாறு கூறுவதால் செயலிகளுக்கு வக்காலத்து வாங்குவதாக எவரும் மயங்க வேண்டா. 2012இல் அமெரிக்காவில் தோன்றிய டிண்டர் முதலாக, அதன் வழிவந்த பலவும் ஒரே முறையில் இயங்குகின்றன. முகம் ஒன்று திரையில் தோன்றும்; பிடித்தால் வலப்புறம் தள்ளலாம், பிடிக்காவிடில் இடப்புறம். இருவரும் ஒருவரை ஒருவர் விரும்பியிருந்தால் உரையாடக் கதவு திறக்கும். இலவசமாகத் தள்ளுவதற்கு அளவுண்டு. அதற்குமேல் வேண்டுவோர் பணம் கட்ட வேண்டும். துணை கிடைத்தவன் சந்தாவை நிறுத்திவிடுவான். தேடிக்கொண்டே இருப்பவன் கட்டிக்கொண்டே இருப்பான். இந்தக் கணக்கு விளங்காதவன் கடைத்தெருவை அறியாதவன். 2024 பிப்ரவரி 14இல், அதாவது காதலர் நாளன்றே, டிண்டரையும் ஹிஞ்சையும் நடத்தும் மேட்ச் குரூப் நிறுவனத்தின் மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுக்கப்பட்டது. பயனரைச் சூதாட்டம் போல அடிமைப்படுத்தும் வகையில் செயலிகள் அமைக்கப்பட்டுள்ளன என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் அதனை அடியோடு மறுத்தது. அழிக்கப்படுவதற்கென்றே ஆக்கப்பட்ட செயலி என்று ஹிஞ்சை விளம்பரப்படுத்துவதும் அதே நிறுவனந்தான்!

ஆயினும் செயலியின் பெருங்குறை வணிகமன்று. அதில் தோழி இல்லை என்பதே. தொல்காப்பியம் களவுக்கும் கற்புக்கும் தனித்தனி இயல் வகுத்தது. களவைக் கண்டு தமிழ் இலக்கணம் முகஞ்சுளிக்கவில்லை. அதற்கு ஒழுங்கு கற்பித்தது. அவ்வொழுங்கின் அச்சாணி தோழி. வந்தவன் யார், அவன் சொல் மெய்யா என்று ஆராய்பவள் அவள். எளிதில் இணங்காமல் அவனைத் தொலைவில் நிறுத்துபவள் அவள். காலம் கடத்தினால் மணந்துகொள்ள வற்புறுத்துபவள் அவள். உரிய வேளையில் செவிலியிடம் உண்மையைச் சொல்லி அறத்தொடு நிற்பவளும் அவளே. பொய்யும் தவறும் தலைகாட்டிய பிறகே திருமணச் சடங்கு வகுக்கப்பட்டது என்று அந்நூலே காரணமும் காட்டுகிறது. ஆக, பழந்தமிழன் அஞ்சியது காதலுக்கன்று, பொய்க்கு. செயலியோ தலைவனையும் தலைவியையும் நள்ளிரவில் தனித்து விட்டுவிட்டுத் தோழியை வெளியே தள்ளித் தாழிட்டுவிட்டது.

அந்தத் தோழியை மீட்பதே அறிவுடைமை. முதலில், நோக்கமறிந்து செயலியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொழுதுபோக்குப் பழக்கத்துக்குப் பெயர்பெற்ற இடத்தில் மணமகனைத் தேடுவது மீன் சந்தையில் பூ வாங்கப் போவதாகும். தமிழருக்கென்றே தனித் தளங்களும் உண்டு. இந்தியாவின் ஐல் நிறுவனம் அன்பே என்ற பெயரில் தமிழ்ச் செயலியையே நடத்தியது. எதை நாடுகிறோம் என்பதைத் தன்விவரத்தில் ஒளிவின்றி எழுதுதல் நன்று. வயது வந்த இருவர், மணநோக்கமின்றிப் பழகுவதாகத் தெளிவாகச் சொல்லிப் பழகினால் அது அவர்கள் பொறுப்பு. ஊர் நடுவில் இழுத்துவைத்து விசாரிக்க வேண்டியதன்று. தாலி கட்டுவேன் என்று ஆசைகாட்டி நாள் கடத்துபவனே வஞ்சகன். அவனுக்குச் செயலியும் வேண்டியதில்லை. லயத்திலும் அவன் இருந்தான்.

அடுத்து, உடன்பிறந்தாளோ உற்ற தோழியோ ஒருத்தியேனும் அவ்வுரையாடலை அறிந்திருக்க வேண்டும். நேரில் காணுமுன் காணொளியில் முகம் பார்த்துப் பேச வேண்டும். காரணம் சொல்லிச் சொல்லி அதனைத் தட்டிக்கழிப்பவரைத் தள்ளிவிடுதல் நலம். முதல் சந்திப்பு பகலில், ஆள் நடமாட்டமுள்ள உணவகத்தில் அமையட்டும்; போகவர ஊர்தி தன்னுடையதாக இருக்கட்டும். பேசத் தொடங்கிய உடனே புலனத்துக்கு வா என்று அவசரப்படுத்துபவரும், சுங்கத்தில் பொருள் மாட்டிக்கொண்டது, தாயாருக்கு அறுவை சிகிச்சை என்று வெள்ளி கேட்பவரும் காதலர் அல்லர், கும்பலின் கூலியாட்கள். பணம் கைமாறிவிட்டால் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளாமல், 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணை உடனே அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நாழிகையும் பணம் கணக்கு மாறிப் போய்விடும். அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டுபவனுக்கு ஒரு காசும் கொடுக்கலாகாது. செய்திகளை அழிக்காமல் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். விடாது பின்தொடர்ந்து அச்சுறுத்துவது 2023 முதல் தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவின்கீழ்க் குற்றம். 18 வயது நிரம்பாத பிள்ளையை ஆசைவார்த்தையால் பாலியல் தீங்குக்கு வசப்படுத்துவதோ 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி கடுங்குற்றம். பிறந்த ஆண்டை மாற்றி எழுதி உள்ளே நுழையும் நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்க்கு இதைச் சொல்லித் தருபவர் யார்?

படம் பறிகொடுத்த பெண் முதலில் அஞ்சுவது மிரட்டுபவனுக்கன்று, தந்தைக்கு. தந்தையிடம் சொல்ல முடியாது என்பதை மிரட்டுபவனும் அறிவான். அவன் முதலீடே அந்த அச்சந்தான். வீட்டிலே, "என்ன நேர்ந்தாலும் முதலில் எங்களிடம் சொல்" என்ற ஒரு சொல் முன்பே சொல்லப்பட்டிருந்தால் அவன் கடை அன்றே மூடப்பட்டிருக்கும்.

கோயில் மண்டபங்கள் திருமண நாள்களைத் தவிர மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. மாதத்துக்கொரு ஞாயிறு மாலை அவற்றைத் திறந்து, இளைஞரும் இளம்பெண்களும் நூல் பேச, நாடகம் பழக, பூப்பந்து ஆட, பெரியவர்கள் எட்ட நின்று பார்த்திருக்க ஏற்பாடு செய்யலாகாதா என்று கேட்டால், காதல் வளர்ப்பதற்கா கோயில் கட்டினோம் என்று நிருவாகத்தார் சீறுகின்றனர். வள்ளியை மணந்தவனின் சந்நிதியில் நின்றுகொண்டு அவர்கள் இதைக் கேட்கின்றனர்.