லைட்வெயிட் என்று பெயர் வைத்தால் போதுமா?

கணினி எழும்போது சேவைகளைக் கிளப்பிவிடும் வேலையை டெபியன் 2015-இல் சிஸ்டம்டியிடம் கொடுத்தது. அன்றிலிருந்து பழைய லேப்டாப் திணறினால் பழி அதன் தலையில்தான். நான் ஒப்ப மாட்டேன். டெபியன் குடும்பத்தில் ஒரு சேவையை நிறுவினாலே அது தானாக ஓட ஆரம்பித்துவிடும். பிரிண்டர் இல்லாத வீட்டில் பிரிண்டர் சேவை, சிம் கார்டே போடாத லேப்டாப்பில் மோடம் சேவை! ஆர்ச் லினக்ஸிலும் சிஸ்டம்டிதான். அங்கே நாம் சொல்லாமல் பெரும்பாலான சேவைகள் எழுவதில்லை. வாய்ட் லினக்ஸில் ரன்இட். அங்கேயும் நாமே இணைப்புப் போட்டால்தான் சேவை ஓடும், எடுத்தால் நின்றுவிடும். அப்புறம் சிஸ்டம்டியைத் திட்டி என்ன பயன்? 2 ஜிபி ரேமோடு மல்லுக்கட்டும் பிள்ளையிடம் மெல்லிய டெஸ்க்டாப்பைக் காட்டிவிட்டு, பின்னால் இத்தனையையும் ஓடவிடுவது ஏமாற்று வேலை ஐயா. நிறுவும்போதே "பிரிண்டர் இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவீர்கள்?