இக்ரித் தீர்ப்பு என்ன ஆயிற்று?



'மத்திய கிழக்கின் ஒரே ஜனநாயக நாடு இஸ்ரேல்தான்.' கல்லூரி விடுதியிலும் கடைத்தெருவிலும் இந்த வாசகத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். உடனே கொதித்தெழுந்து, வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு வருகிறோம். சொன்னவர் மனத்தில் நம் கோபம் மட்டுமே தங்குகிறது. அவர் சொன்ன வாசகம் அப்படியே நிற்கிறது. காஸாவில் சிந்திய இரத்தத்தைச் சுட்டிக்காட்டினால், 'அது போர். நாட்டுக்குள்ளே பாருங்கள், அரபுகளுக்கும் ஓட்டு இருக்கிறது' என்று பதில் வருகிறது. சரி, நாட்டுக்குள்ளேயே பார்த்துவிடுவோம்.

பகைவர் விஷயத்திலும் நீதி தவறக்கூடாது என்பது நம் மார்க்கம் இட்ட கட்டளை. ஆகவே உள்ளதை முதலில் ஒப்புக்கொள்வோம். 1949இல் நடந்த முதல் தேர்தலிலிருந்தே அங்குள்ள அரபுக் குடிமக்களுக்கு வாக்குரிமை உண்டு. இராணுவத் தணிக்கை இருந்தும், பிரதமரைக் கடுமையாகச் சாடும் பத்திரிகைகள் உண்டு. 1982இல் இஸ்ரேலியப் படை சுற்றி நிற்க, சப்ரா, ஷத்தீலா அகதி முகாம்களில் படுகொலை நடந்தபோது, டெல் அவிவ் நகரில் யூதர்களே பெருந்திரளாகக் கூடித் தங்கள் அரசைக் கண்டித்தார்கள். ஜனாதிபதியாக இருந்த மோஷே கட்சாவ், பாலியல் வன்கொடுமைக் குற்றத்துக்காக 2011இல் 7 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்த நீதிபதிகளுக்குத் தலைமை வகித்தவர் ஜார்ஜ் கர்ரா. யாஃபாவில் பிறந்த அரபுக் கிறிஸ்தவர். ஆட்சிக் கவிழ்ப்பு எதுவும் இல்லாமல், நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றினாலேயே நாட்டின் தலைவராக இருந்தவர் சிறைக்குப் போன முஸ்லிம் நாடுகள் எத்தனை? (கேள்வி கசக்கத்தான் செய்யும்.)

ஆனால் அந்த நீதியின் கை எதுவரை நீளும்?

வடக்கே, லெபனான் எல்லையோரத்தில் இக்ரித் என்றொரு கிராமம் இருந்தது. மக்கள் அரபுக் கிறிஸ்தவர்கள். எதிர்த்துப் போரிடாமல் சரணடைந்தவர்கள். இரண்டு வாரத்தில் திரும்பிவிடலாம் என்று வாக்களித்து, 1948 நவம்பரில் இராணுவம் அவர்களை வெளியேற்றியது. வாரங்கள் ஆண்டுகளாயின. அவர்கள் கல்லெடுக்கவில்லை, வழக்கறிஞரை வைத்து உச்சநீதிமன்றம் போனார்கள். 1951 ஜூலையில் வென்றும் விட்டார்கள். தீர்ப்பு அமலாயிற்றா? அதே ஆண்டு, கிறிஸ்துமஸ் பண்டிகை நேரம் பார்த்து, இராணுவம் அவர்களுடைய வீடுகளை வெடிவைத்துத் தகர்த்தது. மிஞ்சியது தேவாலயம் மட்டுமே. இவர்களைப் போலவே வழக்காடிய கஃப்ர் பிர்இம் கிராமம் 1953இல் விமானக் குண்டுவீச்சுக்கு இரையாயிற்று.

ஓட்டு இருக்கிறதே என்பார்கள். அந்த ஓட்டை வைத்திருந்தவர்கள்தான் 1966 வரை இராணுவ நிர்வாகத்தின் கீழ் இருந்தார்கள். தம் வட்டாரத்தை விட்டு வெளியே போக அனுமதிச்சீட்டு வேண்டும். சரக்கெடுக்க அடுத்த ஊர் போவதற்கு இராணுவ அதிகாரியின் கையெழுத்துக்காகக் காத்து நிற்பது எப்படி இருக்கும் என்பதை வியாபாரிகளுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை!

1950இல் வந்த 'இல்லாதோர் சொத்துச் சட்டம்' இன்னும் விசித்திரமானது. சண்டைக்கு அஞ்சிப் பக்கத்து ஊருக்கு ஒதுங்கியவர்கூட, சட்டத்தின் கண்ணில் 'இல்லாதவர்' ஆனார். அவர் நாட்டின் குடிமகன். வரி கட்டுகிறார், வாக்களிக்கிறார். நிலமும் வீடும் என்று வந்தால் மட்டும் அவர் இல்லாதவர்! 'இருந்தும் இல்லாதவர்கள்' என்ற பெயரே அவர்களுக்கு நிலைத்துவிட்டது. அதே 1950இல், உலகின் எந்த மூலையில் பிறந்த யூதரும் வந்து குடியேறலாம் என்று இன்னொரு சட்டம் போட்டார்கள். ஹைஃபாவில் பிறந்து, 1948இல் அங்கிருந்து அகதியாகப் போன ஃபலஸ்தீனருக்கு அந்த உரிமை கிடையாது.

1967இல் பிடித்த மேற்குக் கரையிலோ, ஒரே சாலையில் இரண்டு சட்டம். யூதக் குடியேற்றத்துச் சிறுவன் கல்லெறிந்தால் சிவில் நீதிமன்றம், ஃபலஸ்தீனச் சிறுவன் எறிந்தால் இராணுவ நீதிமன்றம்.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியுமா? 2018 ஜூலையில் இஸ்ரேலிய நாடாளுமன்றம் 62க்கு 55 என்ற வாக்குகளில் ஓர் அடிப்படைச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்நாட்டில் தேசிய சுயநிர்ணய உரிமை யூத மக்களுக்கு மட்டுமே உரியது என்றது அச்சட்டம். ஐந்தில் ஒரு பங்கு மக்களின் மொழியான அரபு, ஆட்சிமொழி என்ற தகுதியை இழந்தது. வழக்கு உச்சநீதிமன்றம் போயிற்று. 2021 ஜூலையில், 11 நீதிபதிகளில் 10 பேர் சட்டம் செல்லும் என்றார்கள். மறுத்தவர் ஒரே ஒருவர். அதே ஜார்ஜ் கர்ரா! ஒரு ஜனாதிபதியைக் குற்றவாளி என்று சொல்ல முடிந்த நீதிபதியால், தன் தாய்மொழியின் தகுதியைக் காப்பாற்ற முடியவில்லை.

இளைஞர்களே! அடுத்தமுறை அந்த வாசகத்தைக் கேட்கும்போது யூத இனத்தை ஏசாதீர்கள். டெல் அவிவ் தெருவில் நம் மக்களுக்காகக் குரல் கொடுத்தவர்களும் யூதர்களே. ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். 1951இல் அந்நாட்டு உச்சநீதிமன்றத்திலேயே வென்ற இக்ரித் மக்கள் ஏன் இன்னும் ஊர் திரும்பவில்லை? தேவாலயத்தில் வழிபடவும், இறந்தவர்களைக் கொண்டுவந்து அடக்கம் செய்யவும் பின்னாளில் அனுமதி கொடுத்தார்கள். குடியிருக்க இன்றுவரை கொடுக்கவில்லை.